எட்டுக்குக் குறையாது

பெற்ற மகளோடு கழிக்கிற ஒரு வெள்ளிக்கிழமையின் விலை அறுபது தினார். மஸ்கட்டிலிருந்து குவைத்துக்கு வந்துபோகிற விமானச் சீட்டுக்கு அவ்வளவுதான் ஆகிறது, அதையும் நானே எடுத்துத் தருகிறேன், இதைவிட மலிவாக எந்தத் தகப்பனும் கேட்டிருக்க மாட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஷம்லான். கூடாரத்துக்கு முன்னால் விரித்த கம்பளத்தில், திண்டின்மேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்திருந்தார்.

மகள் சபீகா காப்பிக் கெண்டியைத் தணலின் ஓரத்துக்கு நகர்த்தினாள். சீட்டு விலையா இங்கே பேச்சு என்று கேட்டாள். குளிர்காலத்தில்தான் மஸ்கட்டில் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்குவார்கள். சாம்பிராணியும் அத்தரும் விற்கிற அவள் கடை அந்த நாலு மாதம் சம்பாதிப்பதை வைத்துத்தான் மீதி எட்டு மாதம் மூச்சு விடும். கடையை வேலைக்காரப் பையன்களை நம்பி விட்டுவிட்டு, வாரக்கடைசி தோறும் பாலைவனத்தில் வந்து உட்கார்ந்து வெயில் காய முடியுமா?

"ரெண்டு, வாப்பா. ஒரு குளிர்காலத்துக்கு ரெண்டு வெள்ளி. அதுக்கு மேல கட்டுப்படியாகாது."

"எட்டு."

காலையில் அவர் பதினாறில் ஆரம்பித்திருந்தார். அவள் ஒன்றில் ஆரம்பித்தாள். பகல் தொழுகைக்குள் அவர் பாதிக்கு இறங்கி வந்துவிட்டார், அவள் ஒரு படிதான் ஏறியிருந்தாள். வியாபாரம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன இரண்டு குளிர்காலமும் அவள் வரவேயில்லை என்பதை இருவருமே பேச்சில் எடுக்கவில்லை. உம்மா இறந்த பிறகு அவர் கூடாரத்தைச் சிறியதாக்காமல் பெரியதாக்கியிருந்தார், அதையும் எடுக்கவில்லை. தனக்கு எந்தச் சரக்கு அவசரமாக வேண்டும் என்பதை முகத்தில் காட்டுகிறவன் வியாபாரியே இல்லை. அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

அரையாண்டு விடுமுறை என்பதால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். போன வாரம் பெய்த மழையில் மணல்மேல் பச்சை மெல்லிசாகப் படர்ந்திருந்தது. தம்பி தாரியும் அவன் மனைவி முனீராவும் எல்லாப் பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு, ஆளுக்கொரு குச்சியோடு, மண்ணுக்கடியில் முளைக்கும் காளானைத் தேடிப் போயிருந்தார்கள். வெயில் சுடவில்லை, துணி மாதிரி மேலே கிடந்தது. இந்த வெயிலுக்காகத்தான் நகரமே வெள்ளிக்கிழமையானால் வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்து கிடக்கிறது.

"எட்டு" என்று இன்னொரு தரம் சொன்னார் ஷம்லான். பிறகு சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, மல்லாந்து படுத்துவிட்டார்.

சபீகாவுக்குச் சிரிப்பு வந்தது. சந்தை முழுக்கத் தெரிந்த வித்தை அது. அவருடைய கம்பளக் கடையில் பேரம் எங்கேயாவது மாட்டிக்கொண்டால், விற்கிற கம்பளத்தின் மேலேயே படுத்து முகத்தை மூடிக்கொள்வார். வந்தவன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பான். கனைப்பான். பிறகு தானாகவே ஐந்து ஏற்றுவான். பதில் வராது. பத்து ஏற்றுவான். சரியான விலை வாயிலிருந்து விழுந்த நொடியில் துணியை உதறிக்கொண்டு எழுந்து, அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிடுவார். ஹாஜியார் தூங்கிட்டிருந்தீங்களே, நான் சும்மா எனக்குள்ள பேசிக்கிட்டேன் என்று எவனாவது பின்வாங்கினால், "நான் தூங்கினா என்ன, உன் நாக்கு முழிச்சுட்டுதானே இருந்துச்சு" என்பார். அந்தக் கடையில் சொன்ன சொல் சொன்னதுதான்.

அதனால் அவளும் வாயைத் திறக்கவில்லை. ஒரு கிண்ணம் காப்பி ஊற்றிக் குடித்தாள். துணிக்குள்ளிருந்து ஒரு தரம் கர்ரென்று சத்தம் வந்தது. குறட்டை விடுகிறாராம். இது கொஞ்சம் அதிகம் என்று நினைத்து, சத்தமாகவே சிரித்தாள்.

"நடிப்பெல்லாம் கடையில வச்சுக்குங்க வாப்பா. சரி, மூணு."

பதிலில்லை. கடைக்கு போன் போட்டு ஒரு சரக்கு விஷயமாகப் பேசினாள். பேசும்போதே, தகப்பன் காதில் விழட்டும் என்று, இந்த வாரம் எவ்வளவு விற்பனை கெட்டது என்பதை ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னாள். போனை வைத்துவிட்டுப் பெரிய மனது பண்ணுகிறவளைப்போல நான்கு என்றாள். பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுத்துக்கொண்டே, பிள்ளைகளையும் அழைத்து வருவதாக ஒரு கொசுறு சேர்த்தாள். அதற்கும் அசையவில்லை. ஐந்து என்றாள், அதற்கும் இல்லை. கிழவர் இன்றைக்கு நல்ல உறுதியோடுதான் இருக்கிறார் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தாரி தண்ணீர் எடுக்க வந்தான். குச்சியைக் கூடாரத்தில் சாய்த்துவிட்டு, கிடந்தவரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"கடை மூடியாச்சா? எதுல நிக்குது ராத்தா?"

"அஞ்சுல."

"வீண் வேலை. எட்டுக்குக் குறைஞ்சு எந்திரிக்க மாட்டாரு. என்னை இப்படிப் படுத்தே ரெண்டு வருசம் கடையில உக்கார வச்சாரு."

தகப்பன் காலடியில் கிடந்த போர்வையை எடுத்து அவர் முழங்கால்வரை போர்த்திவிட்டு, தண்ணீரோடு போய்விட்டான். அவன் கையும் அவர்மேல் பட்டது. அவனுக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

ஆறு என்றபோது அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏழு என்றபோது, மூத்தவளுக்குக் கல்யாண வயது வந்துவிட்டது, வீட்டில் தன்னோடு உட்கார்ந்து பேச ஆளில்லை, தனக்கும்தான் வரவேண்டும் என்று இருக்கிறது என்றெல்லாம், பேரத்தில் சொல்லக்கூடாத உண்மைகளையே சொல்லிவிட்டாள். முகம் மூடியிருக்கிறவரிடம் பேசுவது சுலபமாக இருந்தது. பிறகு கெண்டியைக் கீழே வைத்தாள்.

"சரி. எட்டு. நீங்களே ஜெயிச்சீங்க. எந்திரிங்க."

துணி அசையவில்லை.

எட்டுக்கும் எழாத ஷம்லானை அவள் பார்த்ததேயில்லை. சட்டென்று கோபம் வந்தது. கேட்ட விலையைக் கொடுத்த பிறகும் மேலே ஏற்றுகிறவனைச் சந்தையில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று அவருக்கே தெரியும்.

"ஒம்பதா? இது நியாயமா வாப்பா? சரி, ஒம்பது. அதுக்கு மேல ஒரு நாள் கூட்டினாலும் நான் இப்பவே ஏர்போர்ட்டுக்குப் போயிடுவேன்."

துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

முகத்தில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் பிறகு நெடுநேரம் அவளுக்குப் புரியாமல் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ விலையைச் சொல்ல வந்தவர்போல. கன்னத்தைத் தொட்டாள். வெயிலில் கிடந்த பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. மறு கன்னம் அப்படி இல்லை.

அவள் கத்தவில்லை. துணியை எடுத்த மாதிரியே திரும்பப் போட்டு மூடினாள், பேரத்தின் நடுவில் புகுந்துவிட்டவள்போல. எதிரே தணல் இருந்தது, கெண்டி இருந்தது, அவள் எடுத்துப் போட்ட கொட்டைகள் இருந்தன. தூரத்தில் யாருக்கோ ஒரு காளான் கிடைத்துவிட்டது போலிருக்கிறது, பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

ஆம்புலன்ஸில் வந்த இளைஞன் மணலில் மண்டியிட்டுப் பார்த்தான். அவசரப்படாமல் பார்த்தான், அதிலேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. இதயம்தான், தூக்கத்தில் போனமாதிரி, ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றான். கடைசியாக எப்போது பேசினார் என்று கேட்டான்.

"எட்டுன்னாரு" என்றாள் சபீகா.

"மணி எட்டுக்கா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆமென்றா இல்லையென்றா என்று அவனுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு முனகலோ சத்தமோ எதுவும் கேட்டதா என்றான்.

"கேட்டுச்சு. நான் சிரிச்சேன்."

முனீரா அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டாள். சபீகா அந்தப் பிடிக்குள் நின்றுகொண்டே கழித்துப் பார்த்தாள். அந்தச் சத்தம் மூன்றுக்கு முன்னால் வந்தது. அப்படியென்றால் அவர் கையோடு கொண்டுபோனது இரண்டுதான். மூன்று, நான்கு, ஐந்து, எட்டு, எதுவும் அவர் காதுக்குப் போகவில்லை. மறுபடியும் கழித்தாள். இரண்டுதான் வந்தது.

மறுநாள் காலையில் அடக்கினார்கள். மையவாடிக்குப் பெண்கள் போகவில்லை. குழியை மூடியதும் தாரி எழுந்து நின்று, என் வாப்பா யாருக்காவது பாக்கி வைத்திருந்தால் என்னிடம் வாருங்கள், நான் தீர்க்கிறேன் என்று வழக்கப்படி சொன்னானாம். யாரும் வரவில்லையாம். பக்கத்துக் கடை அத்தர் வியாபாரி மட்டும் அவன் காதோரம் வந்து, முப்பது வருடத்தில் ஒரே ஒரு தரம் உங்கள் வாப்பாவை ஜெயித்தேன், வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தாரா என்று கேட்க இருந்தேன் என்று சொல்லி அழுதாராம். வீட்டுக்கு வந்து தாரி இதையெல்லாம் சொன்னான். சொல்லிவிட்டு, வீட்டுக்குள்ளும் கேட்க வேண்டும் என்பதால், உனக்கு அவரோடு ஏதாவது கணக்கு உண்டா ராத்தா என்று கேட்டான்.

"நான்தான் கொடுக்கணும். ஒம்பது வெள்ளி."

அவன் சிரிக்கவில்லை. அஞ்சு என்று அவள் சொன்னபோதே வாப்பா உயிரோடு இல்லை, போர்வையைப் போர்த்திய தனக்கே தெரியவில்லை, கேட்காத காதில் சொன்ன விலை எந்தச் சந்தையிலும் செல்லாது என்று மெதுவாகச் சொன்னான். சபீகா வந்தவர்களின் காப்பிக் கிண்ணங்களைக் கழுவப் போய்விட்டாள்.

மூன்று நாள் துக்கம் விசாரிக்க வந்தவர்களை அவள்தான் உட்கார வைத்தாள். அவள் கணவர் மஸ்கட்டிலிருந்து வந்து பிள்ளைகளை அழைத்துப் போனார். அவளுக்கும் சீட்டு எடுத்திருந்தார், அதை அவள் தள்ளிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை தாரி கூடாரத்தைப் பிரிக்க வண்டியோடு கிளம்பினான். அவளும் ஏறிக்கொண்டாள். அங்கே போனதும் கம்பளத்தை உதறித் தானே விரித்தாள், தணல் போட்டாள், கெண்டியை வைத்தாள். தாரி ஒரு முளையைப் பிடுங்கப் போய், அவள் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்துவிட்டு, வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பினான். வந்து எதிரே உட்கார்ந்தான். அவனும் ஷம்லானின் பிள்ளைதான். அக்காவின் சுமையில் எதையாவது குறைக்க முடியுமா என்று பார்த்தான்.

"போன வெள்ளியையும் சேத்துக்க ராத்தா. நாள் முழுக்க அவர்கூடத்தானே இருந்தே. ஒண்ணு குறையும்."

"அது சேராது."

"ஏன்?"

"அன்னிக்கு நான் வியாபாரம் பண்ணிட்டிருந்தேன்."

விறகு பார்க்கப் போவதாகச் சொல்லித் தாரி எழுந்துபோனான். அவள் போன் அடித்தது, மஸ்கட்டில் கப்பல் வந்திருக்கும். அடித்து ஓய்ந்தது. வெயில் கம்பளத்தின் பாதிக்கு வந்து, திண்டைத் தொட்டு, அதையும் தாண்டிப் போயிற்று. பிற்பகல் தொழுகைக்கு அஸர் ஆனது. மஃரிபுக்கு வானம் சிவந்தது. காப்பி ஆறிப்போயிருந்தது, அவள் எழவில்லை.

ஒன்பதில் ஒன்று கழிந்தது.