சுனாபட்டிக்கு வராத ரயில்

மும்பை சுனாபட்டியில் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் பூமாரி இட்லிக் கடை போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. பக்கத்தில் மதினி முறையான பேராச்சியின் பூக்கடை. புருஷன் போனபிறகு தாராவியில் முடங்கிக் கிடந்தவளை இங்கே கூட்டிவந்து இடம் பிடித்துக் கொடுத்ததே பூமாரிதான்.

ஜனவரியில் ஒருநாள் சாய்நாத் வந்தான். பழைய நீராவி ரயிலில் உல்லாசப் பயணம் நடத்தும் ஒரு கம்பெனிக்கு அவன் காண்டிராக்டர். ஞாயிற்றுக்கிழமை வடாலாவிலிருந்து பெரிய இடத்து விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு அந்த ரயில் இந்த வழியாகப் போகிறதாம். ஜன்னலில் பார்க்கிறவர்கள் கண்ணில் தகரக் கடைகள் படக்கூடாதாம்.

“மூணே நாள், பாபி. மண்டே அதே இடத்துல கடையப் போட்டுக்கோ” என்றான்.

பேராச்சி மசியவில்லை. “எடுத்தா எடுத்ததுதான், ஏட்டி. இவன் பேச்சு எனக்குப் பிடிக்கல.”

“நான் இருக்கேம்லா, மதினி? முறைச்சா புல்டோசரக் கொண்டாருவான். நம்மளே கழட்டிட்டா தகரமாவது மிஞ்சும்.”

மற்ற ஐந்து கடைக்காரர்களிடமும் பூமாரியே போய்ப் பேசினாள். வெள்ளிக்கிழமை எல்லாரும் கழற்றினார்கள். கடைசியாகக் கழற்றியது பேராச்சி. சாயங்காலமே ஆட்கள் வந்து, காலியான இடத்துக்குப் பின்னாலிருந்த சுவரில் வெள்ளையடித்துப் புகைவிடும் எஞ்சின் ஒன்றை வரைந்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிறு காலை சந்தே தண்டவாளத்தைப் பார்த்து நின்றது. இவ்வளவு பாடுபட்டதற்கு அதைக் கண்ணாலாவது பார்த்துவிடலாம் என்று பூமாரிக்கும் இருந்தது. ஒன்பது மணி, பத்து மணி. லோக்கல் ரயில்கள்தான் வழக்கம்போல் ஓடின. பூமாரியின் மகள் உமாமகேஸ்வரி போனைத் தடவிவிட்டு நிமிர்ந்தாள்.

“அம்மா, அது இந்தப் பக்கம் வராதாம். ராத்திரியே ரூட்ட மாத்திட்டாங்களாம். வடாலாவுக்குப் பதிலா நம்மளத் தாண்டி குர்லாவுலேந்து ஸ்டார்ட் பண்ணி சான்பாடா போயிருச்சு. வாஷி பாலத்துல போட்டோ நல்லா விழும்னு போட்டிருக்காங்க.”

பேராச்சி பக்கத்தில்தான் நின்றாள். திரும்பி நடந்தாள்.

திங்கட்கிழமை தகரத்தோடு போனபோது கடைகள் இருந்த இடத்தை வளைத்து இரும்பு வேலி நின்றது. பூமாரி சாய்நாத்துக்குப் போன் போட்டாள்.

“வண்டியே வரல. அப்புறம் வேலி எதுக்குங்கேன்?”

“ரூட்டும் என் கையில இல்ல, வேலியும் என் கையில இல்ல, பாபி. மேல கேளு.” அதற்கப்புறம் அவன் போனை எடுக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் பூமாரி, பேராச்சியின் வீட்டுக்குப் போனாள். பேராச்சி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். உல்லாஸ்நகரில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாளாம்.

“எனக்கு மட்டும் இப்படி ஆகும்னு தெரியுமா, மதினி? அவன் சொன்னத நம்பிட்டேன்.”

“நீ அவன நம்புன. நான் அவன நம்பல.” பேராச்சி முடிச்சை இறுக்கினாள். “உன்னத்தான் நம்புனேன்.”

சாக்கைத் தூக்கிவிடப் பூமாரி கை நீட்டினாள். பேராச்சி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இப்போது பூமாரி ஸ்டேஷன் படிக்கட்டடியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்து இட்லி விற்கிறாள். போலீஸ்காரர் வந்தால் எழுந்து போய்விட வேண்டும். பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் பூக்காரம்மாவை எங்கே காணோம் என்று கேட்கிறார்கள்.

“ஊருக்குப் போயிருக்காவ. வந்துருவாவ” என்று சொல்லிவிட்டுச் சட்னியை ஊற்றுகிறாள்.