இருபத்துநாலா, இருபத்தாறா

பஞ்சு என்பது அவளுக்கு வேலையிடத்தில் விழுந்த பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கை நீட்டுகிறவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் வேலை. குத்தியதே தெரியவில்லையே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே எழுந்து போவார்கள். அப்படிப்பட்ட கை. ஆனால் கல்யாணமாகி வந்த வீட்டில் அந்தக் கையை எங்கே வைப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அங்கே பதினைந்து வயதில் ஒரு பெண் இருந்தாள்.

கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். முதல் மனைவி இறந்து சில வருடம் கழித்துப் பஞ்சுவைக் கட்டிக்கொண்டான். மகளுக்கு அவன் வைத்த செல்லப் பெயர் வெட்டுக்கிளி. உடம்பில் பாதிக்கு மேல் கால்தான், பெயர் பொருத்தம். வெட்டுக்கிளி பஞ்சுவிடம் ஒரு சொல்கூட மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சண்டை போட்டால் சமாதானமாவது ஆகலாம். அவள் வாங்க, போங்க என்றாள், தட்டைக் கழுவி வைத்தாள். ஆனால் சித்தி என்றோ வேறு எப்படியோ ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் கதவோரம் வந்து நின்று, பஞ்சு நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பாள்.

வெட்டுக்கிளிக்கு ஒற்றைச் சக்கர சைக்கிளில் பைத்தியம். குடியிருப்புக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில், தூணுக்குத் தூண் தாவிப் பிடித்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். அது சின்னச் சக்கரம், சிமெண்ட் தரைக்குச் சரி. ஊருக்கு வெளியே இருந்த மலையில், கல்லும் வேருமான காட்டுப் பாதையில் சிலர் ஒற்றைச் சக்கரத்தில் இறங்குவதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. அப்பா வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அதற்குள் கப்பலிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. கிளம்பும்போது, "நீங்க ரெண்டு பேரும் போய் வாங்கிடுங்க," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனார்.

கடைக்காரர் பொறுமைசாலி. வெட்டுக்கிளியைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, கால்களுக்கு நடுவே ஒரு பலகையைச் செருகித் தரையிலிருந்து அளந்தார். காடு மலைக்கான தடித்த டயர் போட்ட இரண்டு சைக்கிள்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒன்று இருபத்துநாலு இன்ச், மற்றது இருபத்தாறு.

"இந்தப் பொண்ணு காலுக்கு ரெண்டுமே எட்டும். அதுதான் சிக்கல்," என்று சிரித்தார். "எட்டலைன்னா யோசிக்கவே வேண்டாம், சின்னதுதான்னு சொல்லிடுவேன்."

"எது நல்லது?" என்றாள் பஞ்சு.

"முதல் தடவை மலைக்குப் போறவங்க இருபத்துநாலுதான் எடுப்பாங்க. சொன்ன பேச்சு கேக்கும். பெரிய சக்கரம் கல்லு, பள்ளம் எல்லாத்தையும் சுலபமா தாண்டிடும். ஆனா ஒரு மிதிக்கு அதிக தூரம் ஓடும். சாதா சைக்கிள் மாதிரி இதுல காலைச் சும்மா வெச்சுக்கிட்டு உருள முடியாதும்மா. சக்கரம் சுத்துனா பெடலும் சுத்தும். இறக்கத்துல காலாலதான் அடக்கணும். சீட்டுக்கடியில பிரேக் இருக்கு, ஆனா அதைப் பதமா பிடிக்கப் பழகணும்."

"அங்க எல்லாரும் இருபத்தாறுதான் வெச்சிருக்காங்க," என்றாள் வெட்டுக்கிளி, டயரைப் பார்த்தபடி.

"அவங்க ரொம்ப நாளா ஓட்டுறவங்க."

"நானும் ஓட்டத்தானே போறேன்."

கடைக்காரர் பஞ்சுவைப் பார்த்தார். "நீங்கதான் சொல்லணும்."

பஞ்சு வெளியே வந்து கணவனுக்கு போன் போட்டாள். கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. காற்று இரைந்தது. "என்ன சைஸா? நீ பாத்து சொல்லு. நீ சொன்னா அவ கேப்பா," என்றான். அவ்வளவுதான், லைன் போய்விட்டது.

நீ சொன்னா கேப்பா. கேட்பாள்தான். சின்னதை எடு என்றால் சரிங்க என்று எடுத்துக்கொள்வாள். அந்தச் "சரிங்க"வை இன்னொரு தடவை கேட்கப் பஞ்சுவுக்கு மனமில்லை. உள்ளே போனபோது வெட்டுக்கிளி பெரிய சக்கரத்தின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஆசையை மறைத்துக்கொள்ளத் தெரியாத வயசு.

"உனக்கு எது பிடிச்சிருக்கோ அதையே எடுத்துக்கோ," என்றாள் பஞ்சு.

வெட்டுக்கிளி நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள். கடையிலிருந்து வீடுவரை பஞ்சுவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் மலைக்குப் போனார்கள். வெட்டுக்கிளி சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறினாள். பஞ்சு கீழே, பாதை சமதளமாகும் இடத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். சமதளத்தில் கொஞ்ச நேரம் பழகிப் பார்க்கச் சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை.

மரங்களுக்கு நடுவே சிவப்புத் தொப்பி தெரிந்தது. முதலில் நன்றாகத்தான் வந்தாள். கைகளை விரித்து, இடுப்பை ஒடித்து, ஒரு வேரைத் தாண்டினாள். பஞ்சு கைதட்டக்கூடச் செய்தாள். அதற்கப்புறம் பாதை செங்குத்தாகச் சரிந்தது. சக்கரம் வேகம் பிடித்தது. அவள் கால்கள் சக்கரத்தை ஓட்டவில்லை, சக்கரம்தான் அவள் கால்களை ஓட்டியது. கால்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றின. ஒரு கை பிரேக்கைத் தேடி சீட்டுக்கடியில் துழாவியது.

"குதிச்சிடு!" என்று கத்தினாள் பஞ்சு. குதிப்பது சரியா என்றுகூட அவளுக்குத் தெரியாது. மேலே ஓட ஆரம்பித்தாள். மண் சறுக்கியது. ஓடிப் போய்ச் சேரும் தூரமே இல்லை அது.

பிரேக் கிடைத்திருக்க வேண்டும். ஒரேயடியாகப் பிடித்துவிட்டாள் போலிருக்கிறது. சக்கரம் நின்றது, அவள் நிற்கவில்லை.

"அம்மா!" என்று அலறினாள்.

வலித்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் கத்துவார்கள். ஊசியைப் பார்த்ததுமே அம்மா என்று முனகுகிற எத்தனையோ பெரியவர்களை பஞ்சு தினமும் பார்க்கிறாள். அது தெரிந்தும், "இதோ வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தவழ்ந்து ஏறினாள்.

தோள் எலும்பு முறிந்திருந்தது. மருத்துவமனையில் வெட்டுக்கிளியைக் கட்டிலில் படுக்கவைத்து, மருந்து ஏற்ற நரம்பு தேடினார்கள். வயதில் சின்ன நர்ஸ். ஒரு இடத்தில் குத்தி, கிடைக்காமல் எடுத்து, மறுபடி குத்தினாள். வெட்டுக்கிளி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பஞ்சு நின்ற இடத்திலிருந்தே அந்த நரம்பு தெரிந்தது.

"நானும் இதே வேலைதான் பாக்குறேன். நான் போடட்டுமா?"

"அதெல்லாம் கூடாதுங்க. நாங்கதான் போடணும். நீங்க யாரு, அம்மாவா?"

பஞ்சு வாயைத் திறந்தாள். வெட்டுக்கிளி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "அவங்க அப்பா கப்பல்ல இருக்காரு," என்றாள் பஞ்சு, கேள்விக்குச் சம்பந்தமில்லாமல்.

"அப்ப கொஞ்சம் வெளிய இருங்க."

வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, மூன்றாவது தடவையாக உள்ளிருந்து வந்த முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எத்தனை பேருக்கு வலிக்காமல் குத்தியிருக்கிறாள் இந்தக் கையால்.

கப்பல் அடுத்த துறைமுகத்தைத் தொட்ட பிறகுதான் கணவன் கூப்பிட்டான். "இருபத்தாறு எடுக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டான். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"நான்தான் கேட்டேன்ப்பா," என்றாள் வெட்டுக்கிளி.

"அவ சின்னப் பொண்ணு, கேப்பா. நான்தான் வேணாம்னு சொல்லியிருக்கணும்," என்றாள் பஞ்சு.

வெட்டுக்கிளி அவளைத் திரும்பிப் பார்த்தாள். நன்றியா, கோபமா, சின்னப் பொண்ணு என்றதில் வருத்தமா, ஒன்றும் பிடிபடவில்லை.

எலும்பு கூடியது. டாக்டர் ஓட்டலாம் என்றார். பஞ்சு கடைக்காரரிடம் பேசி, சின்னச் சக்கரத்துக்கு மாற்றித் தரச் சம்மதிக்க வைத்தாள். சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னாள்.

"வேண்டாங்க. எனக்கு இதுவே போதும்."

"இல்ல, மாத்திடலாம். இந்தத் தடவை நான் சொல்றேன்." குரல் தானாகவே உயர்ந்துவிட்டது. "மாத்தாம மலைக்குப் போகக் கூடாது."

"சரிங்க," என்றாள் வெட்டுக்கிளி.

ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சு எழுந்தபோது செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் சைக்கிள் இல்லை. வெட்டுக்கிளியும் இல்லை. முகம்கூடக் கழுவாமல் பஸ்ஸைப் பிடித்து மலையடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மேலே சிவப்புத் தொப்பி தெரிந்தது. வெட்டுக்கிளியும் அவளைப் பார்த்துவிட்டாள். சைக்கிளைப் பிடித்தபடி சற்று நேரம் அப்படியே நின்றாள். பஞ்சு கத்தலாம். கத்தினால் கவனம் சிதறுமோ என்று பயமாக இருந்தது. கையை அசைத்தால் வா என்றும் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அசைக்காமல் நின்றாள்.

வெட்டுக்கிளி ஏறி உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஒரு கை முதலிலிருந்தே பிரேக்கின் மேல் இருந்தது. சரிவில் தொடை நடுங்குவது கீழேயிருந்தே தெரிந்தது. சக்கரம் தயங்கித் தயங்கி இறங்கியது. விழவில்லை. பாதையிலிருந்து கண்ணை எடுக்காமலே பஞ்சு நின்ற இடத்தைக் கடந்து, மரங்களுக்குப் பின்னால் திரும்பிய வளைவுக்குள் போய் மறைந்தாள்.

அந்த வளைவுக்கு அப்பால் பாதை எப்படி இருக்கும் என்று பஞ்சுவுக்குத் தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். டயர் சருகை மிதிக்கும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. எதுவும் கேட்காதது நல்லதா கெட்டதா என்று தெரியாமல், அவள் அந்தப் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள்.