மேல் வரிசை மஞ்சள்

தம்பியின் ரத்தத்தை நானேதான் பரிசோதிப்பேன் என்று அடம்பிடித்தேன். "சொந்தக்காரங்க ரத்தத்த வேற யார்கிட்டயாவது குடுத்துரும்மா, மனசு அலைபாயும்" என்றார் எங்கள் ஆய்வகத் தலைவி. "எனக்கெல்லாம் அலைபாயாது மேடம்" என்றேன். திமிர்தான், வேறென்ன.

வேலை என்னவோ எளிது. நோயோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுத்து, ஒரு ரசாயனத்தை ஊற்றி உசுப்பிவிட வேண்டும். அவை விழித்துக்கொண்டால், கடைசியில் அவற்றை ஊற்றிவைத்த தட்டின் சின்னக் குழி மஞ்சளாகும். இல்லையென்றால் தண்ணீர் மாதிரி கிடக்கும். மஞ்சளானால் தம்பிக்குப் புதிய சிகிச்சை உண்டு. ஆகாவிட்டால் டாக்டர்கள் கையை விரித்துவிடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தமும் வேண்டும். அன்றைக்கு வேலையில் இருப்பவர் தன் கையை நீட்டுவதுதான் எங்கள் வழக்கம். நானே கொடுத்தேன். தட்டில் மேல் வரிசை அவனுக்கு, கீழ் வரிசை எனக்கு.

மூன்றாம் நாள் மதியம் பார்த்தால் மேல் வரிசை முழுக்க மஞ்சள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கீழ் வரிசையை யார் பார்த்தது? போனை எடுத்தேன்.

"டேய் தடியா, உன் செல்லெல்லாம் முழிச்சிருச்சுடா!"

"நெஜமாவாக்கா?"

"உன்மேல சத்தியமாடா!"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாகிவிட்டது.

தலைவி வந்து தட்டைப் பார்த்தார். "உன் ரத்தம் ஏம்மா வேலையே செய்யல?" என்றார். பிறகு தட்டின் வெட்டுப்பட்ட மூலையில் விரலை வைத்தார். அது இடது பக்கம் மேலே இருக்க வேண்டும். வலது பக்கம் கீழே இருந்தது. பத்து வருஷ அனுபவம், தட்டைத் தலைமாடு கால்மாடாக வைத்துப் பார்த்திருக்கிறேன்.

"இன்னொரு தடவ செஞ்சு பார்க்கலாமா மேடம்?"

"தம்பியோடது ஆறு குழிம்மா. ஒண்ணுகூட மஞ்சளாகல" என்றார்.

படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். பாவி, சத்தியம் வேறு செய்து தொலைத்திருந்தேன். அவனை மறுபடி கூப்பிட்டேன்.

"தம்பி, தப்பு நடந்துபோச்சுடா. தட்டத் திருப்பி வச்சுட்டேன். அந்த மஞ்சள் உன்னோடது இல்ல, என்னோடது."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ உன் ரத்தம் நல்லாத்தான் இருக்கா?"

"இருக்குடா."

"அப்பாடா" என்றான். "அப்பாவுக்கு இந்த நோய் இருந்துச்சு, எனக்கும் வந்துச்சு. உனக்கும் இருக்குமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்க்கா. கேக்கத்தான் தைரியம் வரல."

நான் வாய்விட்டு அழுதேன். அவன்தான் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தான்.