ஒரு கட்டில், லீசுக்கு

பேரம் பேசித் தன்னை மடக்க இன்னும் ஒருத்தர் பிறந்து வரவில்லை என்று பெங்களூர் சிவாஜிநகர் துணிக்கடை ரெமிஜியஸ் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். ஹெலன் வந்து கடை ஸ்டூலில் உட்கார்ந்தபோதும் அந்த நினைப்பு கலையாமல்தான் இருந்தது.

ஹெலன் கோலார் தங்கவயல் பெண். பெங்களூர் காலேஜில் கெமிஸ்ட்ரி கடைசி வருஷம். விடியுமுன் ரயில் ஏறினாலும் காலை லேபுக்குப் பாதியில்தான் வந்து சேருகிறாள். அட்டெண்டன்ஸ் இன்னும் கொஞ்சம் இறங்கினால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இப்போதுதான் ஒரு வருஷத்து ஸ்காலர்ஷிப் மொத்தமாக வந்திருக்கிறது. காக்ஸ் டவுனில் ரெமிஜியஸ் வீட்டு மாடி அறை காலி என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள்.

அவர் போனில் சூரத் ஏஜெண்டிடம் கிறிஸ்துமஸ் சரக்குக்குத் தவணை கேட்டுக் குழைந்துகொண்டிருந்தார். ரொக்கம் இல்லாமல் ஒரு துணி பேல்கூடக் கிளம்பாது என்று அந்தப் பக்கம் கறாராகச் சொல்லிவிட்டது. போனை வைத்த கையோடு, அந்தக் கடுப்பில், "வாடகை ஆறாயிரம், பத்து மாச அட்வான்ஸ்" என்றார்.

"அட்வான்ஸே என் ஸ்காலர்ஷிப்பை முழுங்கிடும் அங்கிள். அப்புறம் சாப்பாட்டுக்கு?"

"அதைக் குடுத்தவங்களைப் போய்க் கேளும்மா."

"அப்ப அந்த அறையில ஒரு கட்டிலை மட்டும் லீசுக்குத் தாங்க."

ரெமிஜியஸ் சிரித்துவிட்டார். பெங்களூரில் லீஸ் என்றால் முழு வீடு. லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் இருந்து, காலி பண்ணும்போது கொடுத்ததை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்வது. "கட்டிலை யாரும்மா லீசுக்கு விடறாங்க?"

"ஜூன்லேர்ந்து சும்மா கிடக்கிற கட்டிலை விடலாம். வட்டிக்காரன்கிட்ட வாங்கினா அஞ்சு வட்டி. என்கிட்ட வாங்கினா ஒரு கட்டில்."

போன் பேச்சை முழுசாகக் கேட்டிருக்கிறாள். ரெமிஜியஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நல்ல பேரம் கிடைத்து நாளாயிற்று.

"சரி. சாப்பாடு?"

"ஆன்ட்டி சமையல்ல ரெண்டு வேளை. அதுக்கு மாசாமாசம் என் பணத்திலேயே கழிச்சுக்குங்க. மிச்சத்தைப் பரீட்சை முடிஞ்சதும் தாங்க."

ஒரே பணம். தின்று தீருகிற வரைக்கும் அதுவே படுக்க இடமும் சம்பாதித்துக் கொடுக்கிறது. இந்த வித்தையை அவர் அப்பாவிடம்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் சும்மா விட முடியுமா?

"மாசாமாசம் முதல் குறையுதே. அப்ப கட்டிலும் குறையணும்ல?"

"உங்களுக்குப் பணம் கிறிஸ்துமஸ் வரைக்கும்தானே வேணும்? அதுக்குள்ள நான் எவ்வளவு தின்னுடப் போறேன்?"

பில் போடுகிற வீணா வாயைப் பொத்திக்கொண்டாள். ரெமிஜியஸ் அவளை முறைத்துவிட்டு, கடைசித் துருப்பை இறக்கினார். "மொத்தத்தையும் என்கிட்ட குடுத்துடறே. நான் ஏமாத்திட்டா?"

"மொத்தம் தரலை. பரீட்சை ஃபீஸும் பஸ் பாஸும் எடுத்து வெச்சுட்டேன். அப்புறம், வீடு ஆன்ட்டி பேர்ல இருக்காமே. காலைல அவங்களைப் பார்த்துட்டுத்தான் இங்க வந்தேன். அவங்க சரின்னுட்டாங்க."

"பவுலின் சரின்னுட்டாளா? சாப்பாட்டுக்கு என்ன சொன்னா?"

ஹெலன் தொகையைச் சொன்னாள். அவர் சொல்ல நினைத்திருந்ததில் பாதிதான். வீட்டிலேயே பேசி முடித்துவிட்டு, கடைக்கு வந்து பேரம் பேச விட்டு, அவருக்கும் ஒரு மரியாதை பண்ணியிருக்கிறாள். யார் பெற்ற பிள்ளையோ, நன்றாகப் பெற்றிருக்கிறார்கள்.

ஏஜெண்டைத் திரும்பக் கூப்பிட்டார். "ரொக்கம் ரெடி. பேலை ஏத்து" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு ஹெலன் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு லேப் எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுக்கு."

"அப்ப இன்னைக்கு ரயிலுக்குப் போகாதே. வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு. துணிமணியெல்லாம் ஞாயித்துக்கிழமை கொண்டுவந்துக்கலாம்."