யார் இறங்கி வருவது

குழல்காரருக்கும் வயலின் வாசிக்கும் அவர் மனைவிக்கும் கல்யாணமான நாளிலிருந்து வராத சண்டை, ஒலிப்பதிவுக் கூடத்தில் வந்தது. வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் சுருதி சேர்த்தார்கள். தேனும் பாலுமாகச் சேர்ந்தது. அரைமணி கழித்துப் பதிவை ஆரம்பித்தால் குழல் ஒரு பக்கம் இழுத்தது, வயலின் ஒரு பக்கம்.

குழல் இறங்கிவிட்டது என்றாள் அவள். நீதான் ஏறிப்போய் நிற்கிறாய் என்றார் இவர். இரண்டு பேருக்கும் காது பொய் சொல்லாது, அதுதான் வம்பு. பேச்சு முற்றி, இன்று சேரவில்லை என்றால் இனிமேல் தனித்தனியாக வாசிக்கலாம் என்று சொல்லிவிட்டு அவள் வில்லைக் கீழே வைத்தாள். சொன்னால் செய்கிறவள். அவள் பக்கத்தில் இல்லாத மேடையைக் குழல்காரரால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

ஒலிப்பதிவாளர் சிரித்துக்கொண்டே வந்தார். கருவிகள் சூடாகக் கூடாதென்று ஏசியை முழுசாக வைத்தது தான்தான் என்றார். குளிரில் குழலுக்குள் ஒலி மெதுவாகப் போகும், சுருதி இறங்கும். அதே குளிரில் வயலின் கம்பி சுருங்கி விறைக்கும், சுருதி ஏறும்.

"ரெண்டு பேரும் சொன்னது சரிதான். யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுங்க, போதும்."

அதற்கு யார் தயார்? இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் குழல்காரர் வெளியே போனார்.

வராந்தாவில் நல்ல வெயில். குழலைச் சட்டைக்குள் செருகி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு எடுத்து, ஊதி ஊதிச் சூடேற்றினார். மூங்கிலை முறுக்கியா சுருதி ஏற்ற முடியும்? போகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஒன்றும் தெரியாதவர் போலத் திரும்பி வந்து ஊதினார். அவளும் வில் போட்டாள். முன்பைவிட மோசம். இப்போது குழல் மேலே நின்றது, வயலின் கீழே கிடந்தது.

"கம்பிய இறக்கிட்டியா?"

"உங்களால ஏத்த முடியாதே, பாவம்னு..." என்று இழுத்தவள், குழலை வாங்கித் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. அவர் சட்டையில் திறந்து கிடந்த பட்டன்களையும் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஆரம்பிக்கலாமா என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டார் ஒலிப்பதிவாளர்.

அவள் குழலைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

"கொஞ்சம் இருங்க. அது ஆறுற வரைக்கும் நாங்க பேசிட்டிருக்கோம்."