காந்திமதி கொடுத்த நற்சான்று

போலீஸ் விசாரணை முடிந்தால்தான் பி.எட். மாணவி மாரிசெல்வி திங்கட்கிழமை ஆசிரியப் பயிற்சிக்காகப் பள்ளி வகுப்பறைக்குள் கால் வைக்க முடியும். ஒரகடத்தில் அவள் குடியிருக்கும் வீட்டுக்கு ஏட்டையா வந்தார். வந்தவர் யூனிஃபார்ம் இல்லாமல் வெள்ளை வேட்டியில் வந்து, "பொண்ணு எப்படிம்மா?" என்றார்.

வீட்டுக்காரம்மா காந்திமதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார்!

"தங்கம்பா! வாயே தொறக்காது. நடந்தா தரைக்கே தெரியாது!"

"ஃபேக்டரில வேலை பாத்துச்சாமே?"

"அய்ய, ஃபேக்டரி கேட்டக்கூட பாத்ததில்ல! காலேஜ் வுட்டா வூடுன்னு கீது."

"மனுவுல ரெண்டு வருஷம்னு எழுதிக்கீதே. போலீசுக்கே பொய்யா?"

"போலீஸா!" காந்திமதி இரண்டடி பின்வாங்கினாள்.

அப்போதுதான் கல்லூரியிலிருந்து வந்து நின்ற மாரிசெல்வி, "எக்கா! நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா எனக்குக் கதவு தொறந்துவிட்டது யாரு? நெசத்தச் சொல்லுங்க!" என்று போட்ட கூச்சலில், எங்கேயோ தள்ளி சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் நின்ற ரயிலே பயந்து கிளம்பிவிட்டது.

"நான்தான் சார். கல்யாண விசாரணைன்னு நெனச்சிக்கினு அளந்துட்டேன்."

ஏட்டையா காதைத் தேய்த்துக்கொண்டார். "இதுவா வாயே தொறக்காது? பக்கத்து ஸ்கூலுக்கும் சேத்துப் பாடம் எடுக்கும்! திங்கக்கெழம போம்மா."

மாரிசெல்வி துள்ளிக் குதித்தாள். காந்திமதி மட்டும் ஏட்டையாவின் பின்னாலேயே தெருமுனை வரை போனாள்.

"சார், உங்களுக்குக் கல்யாண வயசுல புள்ள கீதா?"