வாய்க்கட்டு

...மூன்று தடவை திரும்பிப் பார்த்தாயிற்று, இனியும் பார்த்தால் நன்றாக இருக்காது, எழுபத்தொரு வயது மனுஷன் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு கழுத்தைக் கழுத்தைத் திருப்பினால் யார்தான் கவனிக்க மாட்டார்கள், ஆனால் அவள் அங்கேதான் இருக்கிறாள், கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், மடியில் நாலாய் மடித்த ஒரு காகிதம். அம்சாவுக்கு இந்தக் கூட்டத்தைப் பற்றி யார் சொல்லியிருப்பார்கள்? யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனார்களே, நெசவுக்கூடங்களில் காசநோய் பரவாமல் தடுக்க விதிகள் வருகின்றன, வரைவு தயார், யார் வேண்டுமானாலும் வந்து கருத்துச் சொல்லலாம் என்று... யார் வேண்டுமானாலும். அந்த வார்த்தையே வீரபாகுவுக்குப் பிடிக்கவில்லை. விதி என்றால் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பது, கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டு ஊரையே கூப்பிட்டுக் கேட்பதா? சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சங்கத்தார் தட்டச்சு செய்து கொடுத்த ஆட்சேபனை இருந்தது. தறி வைத்திருக்கும் வீடுகள் சார்பாக அவர்தான் பேச வேண்டும், அம்மனுக்கு ஆடிப்பூரப் புடவை நெய்கிற வீடு, நீங்க சொன்னா அதுக்கு ஒரு எடை இருக்குதுங்க என்று வீட்டுக்கே வந்து கேட்டார்கள், அவரும் தலையாட்டினார், அப்போது அம்சா வருவாள் என்று நினைக்கவில்லை, நினைத்திருந்தால் மட்டும்... என்ன செய்திருப்பார்? வயிற்றுவலி என்று படுத்திருப்பாரா? அவர் வீட்டில் அப்படிப் படுத்தவர்கள் யாரும் இல்லை.

மேடையில் அந்தப் பெண் அதிகாரி, பிரவீனா என்று பெயர், தொழிலாளர் துறையிலிருந்து வந்தவள், ஒவ்வொரு விதியாகப் படித்துக்கொண்டிருந்தாள். நெசவுக்கூடத்தில் காற்றோட்டத்துக்கு எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சரி, அதற்கு ஒரு பதில் காகிதத்தில் இருக்கிறது, காற்று அடித்தால் பாவு இழை உலர்ந்து அறுந்துபோகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கும் தொழிலாளி சோதனைக்குப் போக வேண்டும், முடிவு தெரியும்வரை வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். இதற்குத்தான் பெரிய பதில். வாயைக் கட்டிக்கொண்டு எப்படி நெய்வது? ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்து புதுத் தார் மாற்றும்போதெல்லாம், குறுக்கே ஓடுகிற நாடாவின் கண்ணில் நூலை வாய் வைத்து உறிஞ்சித்தானே வெளியே இழுக்கிறோம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, வாய்க்கட்டை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தால் ஒரு புடவை முடிய இரண்டு மாசம் ஆகும், ஆகவே இது நடைமுறைக்கு ஒவ்வாதது... நடைமுறைக்கு ஒவ்வாதது. நேற்று ராத்திரி கண்ணாடி முன் நின்று இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தபோது குரல் கணீரென்று வந்தது. மனைவி இந்திராணி பாத்திரம் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதா, ஒவ்வொரு ஆனி மாசமும் அந்த வெள்ளைத் துணியைத் துவைத்து மஞ்சள் நீரில் நனைத்துக் காயப்போட்டுக் கொடுப்பதே அவள்தானே!

அம்மன் புடவைக்கு எச்சில் படக்கூடாது. மூச்சுக்கூடப் படக்கூடாது. தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான், பதினெட்டு நாள், கதவைச் சாத்திக்கொண்டு, மூக்கோடு சேர்த்து வாயைக் கட்டிக்கொண்டு, கூட உட்காரவும் வீட்டு ஆள்தான், மகன் குமரகுரு, வெளியாள் நிழல்கூட விழாது. நாடாக் கண்ணில் நூலை இழுக்க ஒரு பித்தளைக் கொக்கி, சாமி அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பின்னால் இருக்கும், உள்ளே விட்டு ஒரு சுண்டு சுண்டினால் நூல் வந்துவிடும், உறிஞ்சுவதைவிட வேகம் என்றுகூடச் சொல்லலாம்... சொல்லலாம், ஆனால் யாரிடம்? இது வீட்டுக்குள் இருக்கும் விஷயம். பதினெட்டு நாள் முடிந்ததும் துணியும் கொக்கியும் அலமாரிக்குள் போய்விடும். அப்புறம் பழையபடி ஊரார் கட்டும் புடவைகள், பழையபடி வாய், பழையபடி பக்கத்தில் கோர்வைக்கு அம்சா, உடலுக்கு ஒரு நிறம் கரைக்கு ஒரு நிறம் என்று இரண்டையும் கோத்து நெய்ய இரண்டு பேர் ஒரே பலகையில் உட்கார்ந்தாக வேண்டும், அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்குமா? இருக்காது.

அந்த முழத்துக்குள்தான் இருமினார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தை மாசம் பிடித்தது. பட்டுத் தூசி என்றார், பனி என்றார், சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அவள்தான் ஒரு நாள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து நீட்டினாள், இத்த வாயில அடக்கிக்கங்க ஐயா, பனங்கல்கண்டு, எங்க ஆயா இருமலுக்கு இதான் குடுக்கும் என்று. வாங்கிக்கொண்டார். அவள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை, கல்கண்டை வாங்கிக்கொண்டார், தொண்டை அப்படி எரிந்தது. முசரவாக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவள், வழியில் எங்கேயோ வாங்கி தினமும் ஒரு பொட்டலம். ஆனி வந்தது, கதவைச் சாத்தி அம்மன் புடவைக்கு உட்கார்ந்தார், பதினெட்டு நாளும் இருமல் துணிக்குள்ளேயே அடங்கியது, துணி நனைந்து நனைந்து ஒரு நாளைக்கு மூன்று மாற்றினாள் இந்திராணி, மூன்றாவது துணியில் ஒரு சிவப்புப் பொட்டு. ஆடிப்பூரம் முடிந்த மறுநாள் குமரகுரு அவரை ரயிலில் சென்னைக்கு அழைத்துப் போனான், இங்கே பார்த்தால் தெரிந்துவிடும். ஆறு மாசம் மாத்திரை. சர்க்கரைக்கு என்று தெருவுக்குச் சொன்னார்கள். அந்த மாத்திரைக்குச் சிறுநீர் செம்பருத்தி மாதிரி போயிற்று, கொல்லையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவார், ஒரு திருடனைப் போல, சொந்த வீட்டில். தேறிவிட்டார். டாக்டரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், நோய் இல்லை. ஆக, முடிந்த கதைதானே? முடிந்த கதையை யார் கிளறுவது?

போன வருஷம் பங்குனியில் அம்சா இருமினாள்.

அவள் மறைக்கவில்லை. அவளுக்கு மறைக்கத் தெரியவில்லை, அரசாங்க ஆஸ்பத்திரியில் சளி கொடுத்தாள், சீட்டைக் கொண்டுவந்து நேராக அவரிடமே காட்டினாள், ஐயா, டிபின்றாங்க, மாத்திர துண்ணா சரியாப்பூடுமாம், ரெண்டு வாரம் கயிச்சி வரட்டுங்களா என்று. நாளையிலிருந்து வர வேண்டாம்மா என்றார். அப்படியா சொன்னார்? அதைவிட மோசமாக ஏதாவது சொன்னாரா? நாலு பேர் வந்து போகிற வீடு, சாமி காரியம் நடக்கிற இடம் என்று சொன்னதாக ஞாபகம். அவள் நாடாவைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள். சுகாதாரத் துறையிலிருந்து வந்த பையன் வாசலில் நின்று, கூட வேலை செய்றவங்களையும் சோதிக்கணும் சார், இங்க யாருக்காவது இதுக்கு முன்னாடி இருந்துச்சா என்று கேட்டபோது, எங்கள் வீட்டில் அந்த வியாதி யாருக்கும் வந்ததில்லை என்று நிமிர்ந்து நின்று சொன்னார். நிமிர்ந்துதான். அவருக்கு வேறு விதமாக நிற்கத் தெரியாது. அப்புறம் தெருவே அவளைச் சொன்னது, வீரபாகு வீட்டுக்கு வியாதி கொண்டாந்தாளாமே, நல்ல காலம் சீக்கிரம் தெரிஞ்சிது என்று. வேறு எந்தத் தறியிலும் அவளைச் சேர்க்கவில்லை. அவர் மறுத்துச் சொல்லவில்லை. மறுத்தால் என்ன ஆகும்? பக்கத்து நாற்காலியில் கோதண்டபாணி உட்கார்ந்திருக்கிறான், அவன் அப்பன் காலத்திலிருந்து அம்மன் புடவைக்குக் கண் வைத்திருக்கும் வீடு, வியாதிக்காரன் கையால் நெய்த புடவையா அம்மனுக்கு என்று ஒரு வார்த்தை கோயிலில் போட்டால் போதும், மூன்று தலைமுறை உரிமை தெரு தாண்டி அவன் வீட்டுக்குப் போய்விடும். இந்த ஆனிக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது.

"நான் பேசலாங்களா?"

அவள் குரல்தான். திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது, எழுந்து நிற்கிறாள், காகிதத்தைப் பிரிக்கிறாள், பிரித்துவிட்டுப் பார்க்காமலே பேசுகிறாள். "எம்பேரு அம்சாங்க. எனக்கு டிபி வந்து சரியாப்போச்சு, சீட்டு வச்சிருக்கேன். ரூல்ல தொயிலாளிங்கள சோதிக்கணும்னு போட்டுக்கிறீங்க. தறியில ஒரே பலகையில ரெண்டு பேரு குந்திக்கினு நெய்யிறோம், ஒர்த்தரு தொயிலாளி, ஒர்த்தரு மொதலாளி. மொதலாளி இருமினா யாருங்க சோதிக்கறது?" மண்டபத்தில் ஒரு சலசலப்பு. கோதண்டபாணி சும்மா இருப்பானா, நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு, "மொதலாளி இருமினா அது இருமல் இல்லம்மா, கனைப்பு!" என்றான், எல்லோரும் சிரித்தார்கள், மேடையில் பிரவீனாவும் உதட்டைக் கடித்துக்கொண்டாள், அம்சாவும் சிரித்துவிட்டாள் போல, "கனைச்சாலும் எதுர்ல இருக்கறவங்க மேலதாங்க படுது" என்றாள். வீரபாகு மட்டும் சிரிக்கவில்லை. அவள் சொல்கிறாளா, கேட்கிறாளா? தெரிந்துதான் பேசுகிறாளா, அல்லது வெறும் நியாயமா? "வாயைக் கட்டிக்கிட்டு நெய்ய முடியாதுன்னு சங்கத்துல சொல்றாங்களே, அதுக்கு என்னம்மா சொல்றீங்க?" என்று பிரவீனா கேட்டாள். "அது எனக்குத் தெரியாதுங்க. நான் கட்டிக்கினு நெய்ஞ்சதில்ல. பெரியவங்க முடியாதுன்னா முடியாதுதான். அவங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பெரியவங்க. அதில் குத்தல் இல்லை, அதுதான் தாங்கவில்லை, குத்தியிருந்தால் பதிலுக்குக் குத்தியிருக்கலாம்.

அடுத்து வீரபாகு ஐயா என்று அழைத்தார்கள். எழுந்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. மைக் அருகே போய்க் காகிதத்தை எடுத்தார், மூக்குக்கண்ணாடியை மாட்டினார், முதல் வரி, மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு, இரண்டாவது வரி, மூன்றாவது வரியில் வாயைத் துணியால் கட்டுவது என்பது... மூன்று துணி. ஒரு நாளைக்கு மூன்று துணி, ஒரு கல்லுக்கு முன்னால் போகிற புடவைக்காக. மற்ற ஐந்து மாசமும், தையிலிருந்து ஆனி வரை, ஒரு முழம் தள்ளி ஒரு மனுஷி... கல் என்று நினைத்ததற்காக மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டார், அம்மா, தாயே, ஆனால் நினைத்ததை நினைக்காமல் ஆக்க முடியவில்லை.

"முடியும்" என்றார்.

பிரவீனா நிமிர்ந்தாள். "என்னங்க ஐயா?"

"வாயைக் கட்டிக்கொண்டு நெய்ய முடியும். நான் நெய்திருக்கிறேன். நாற்பது வருஷமாக. அம்மன் புடவைக்கு. நூல் இழுக்கக் கொக்கி இருக்கிறது."

அவ்வளவுதான் சொன்னார். மீதியும் தொண்டை வரை வந்தது, எனக்கு வந்தது, என்னிடமிருந்துதான் போயிற்று என்கிற மீதி, அங்கேயே நின்றது. முன் வரிசையில் சங்கத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், குமரகுரு தலையைக் குனிந்துகொண்டான், கோதண்டபாணி முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு உன்னிப்பாகப் பார்த்தான், என்ன யோசிக்கிறான் அவன்? ஐயா, இதை ஆட்சேபனைன்னு பதியறதா, ஆதரவுன்னு பதியறதா என்று பிரவீனா கேட்டாள், பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். நாற்காலிக்குப் போகாமல் நடுவழியில் வாசலைப் பார்த்து நடந்தார், வெளியே காற்று வேண்டும், அவ்வளவுதான், தூணைத் தாண்டும்போது வறண்ட இருமல் ஒன்று கிளம்பியது, வெறும் இருமல்தான், மண்டபத்துத் தூசி, டாக்டர் கையெழுத்தே இருக்கிறது, ஆனாலும் கை தோள்துண்டை எடுத்து வாயைப் பொத்திவிட்டது. அவள் எதிரில் அந்தக் கை இப்படிச் செய்வது இதுதான் முதல் தடவை. அம்சா எழுந்து வழிவிட்டு நின்றாள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, துண்டைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்ததாக அவருக்குப் பட்டது, பிறகு மெதுவாக, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"அன்னிக்கி அந்தக் கல்கண்டுக்கு இருமல் கேட்டுச்சாங்க ஐயா, உங்களுக்கு?"

எதற்குக் கேட்கிறாள்... மாசத்தை எண்ணுகிறாளா, அந்தத் தையிலிருந்து அடுத்த வருஷப் பங்குனி வரை விரல் விட்டு, அல்லது வாசலில் பார்த்த பெரியவரை நலம் விசாரிக்கிறாளா, எப்போதும்போல, முந்தானையில் முடிந்து வந்தவள்தானே... துண்டை எடுத்தால்தான் பதில் சொல்ல முடியும், அவர் துண்டை எடுக்காமல் அங்கேயே நின்றார்.